சைக்கிளை எடுக்கும் முன் பீரோவைத் திறங்கள்!

(திருச்சி பாலக்கரையில் இஷா தொழுகைக்குப் பின் நடந்த இளைஞர் - வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் பிள்ளைகள் நாற்பது பேர் சைக்கிளில் புறப்படுகிறார்கள். பாலக்கரையில் தொடங்கி, சத்திரம் பேருந்து நிலையம், காவிரிப் பாலம், மாம்பழச் சாலை வழியாக ஸ்ரீரங்கம் போகிறார்கள். அங்கிருந்து திரும்பி, கரூர் சாலையில் முக்கொம்பு வரை போய் வருகிறார்கள். எல்லாம் சேர்த்து ஐம்பது கிலோமீட்டருக்குப் பக்கம் வரும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று கடைக்காரர்கள் பணம் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பணம் மாம்பழச் சாலையில் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாவுக்குப் போகிறது. அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிஸிஸ் செய்கிறார்கள்.

இந்தச் செய்தி வெளியான நாளிலிருந்து என்னிடம் இரண்டு கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று, "ஹஜ்ரத், நம் ஜமாஅத்திலேயே எத்தனையோ நோயாளிகள் இருக்க, ஸ்ரீரங்கத்துப் பூக்கார அம்மாவுக்கு நம் பிள்ளைகள் ஏன் வியர்வை சிந்த வேண்டும்?" இன்னொன்று, "உங்களுக்கு எதற்கு இந்த வயதில் சைக்கிள்?" இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் கேட்டிருக்க வேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் இன்று அதிக நேரம் பேசப் போகிறேன்.

முதல் கேள்வியைச் சுருக்கமாக முடித்து விடுவோம். இந்தப் பணம் ஜகாத் அல்ல. ஜகாத் யாருக்கு என்று 9:60 வசனம் எட்டு வகையினரைச் சொல்கிறது. அதன் சட்ட விவாதத்தை இங்கே இழுக்க வேண்டியதில்லை. இது ஸதகா. நம்மோடு போரிடாத, நம்மை வீட்டை விட்டுத் துரத்தாத மக்களுக்கு நன்மை செய்வதை அல்லாஹ் தடுக்கவில்லை என்பதை 60:8 வசனத்தில் நீங்களே எடுத்துப் படித்துக் கொள்ளுங்கள். இன்னும் சொல்லப் போனால், அந்த அம்மாவை நம்மிடம் கொண்டு வந்தது யார்? நம் பூக்கடை பாய்தான். இருபது வருடமாகக் கடனுக்குப் பூ எடுத்துப் போய், ஒரு நாள்கூடப் பாக்கி வைக்காமல் கொடுத்த பெண்மணி அவர். வியாபாரத்தில் பக்கத்து ஆள், நோய் வந்தால் மட்டும் வேற்று ஆளா?

இலங்கையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2009-ல் போர் முடிந்து இரண்டே ஆண்டில், 2011 ஜூலையில், தென்முனையான தேவேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை 670 கிலோமீட்டர் தூரத்தை 27 நாட்களில் நடந்தே கடந்தார்கள். எதற்கு? யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்டப் பணம் திரட்டுவதற்கு. தெற்கே இருப்பவன் வடக்கே இருக்கும் தமிழனின் நோய்க்காகக் கால் வீங்க நடந்தான். அந்த மருத்துவமனை எழும்பியும் விட்டது. அவ்வளவு ரத்தம் சிந்திய நாட்டிலேயே இது முடிந்தது. நாம் ஒரு காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்கு இத்தனை யோசனை செய்கிறோம்!

இப்போது அந்த மூன்றாவது கேள்வி. பணம் எதற்கு?

டயாலிஸிஸ் செலவுக்கு என்று பிள்ளைகள் சொன்னார்கள். சரி என்று நானும் தலையாட்டியிருப்பேன். ஆனால் இந்த விஷயத்தில் சூடுபட்ட பூனை நான். அதனால், "முதலில் வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்று இரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனேன்.

அந்தச் சூடு என்னவென்று சொல்லி விடுகிறேன். என் கூடப் பிறந்த அண்ணன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் பேசுகிறேன். 2013-ல் அவர் காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு மண்டியில் கணக்கு எழுதிக் கொண்டிருந்தார். மாதம் ஐயாயிரம் ரூபாய் சம்பளம். ஒரு நாள் ஃபஜ்ருக்குப் பின் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை, பதறிப்போய் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அடைப்பு என்றார்கள். ஸ்டென்ட் வைத்தார்கள். உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். கட்டிய பணம் இரண்டு லட்சத்துச் சொச்சம். அவர் மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகை அடகுக்குப் போனது. அடகை மீட்க முடியாமல் ஏலத்துக்கும் போனது.

ஆறு மாதம் கழித்து ரேஷன் கார்டைத் தேடி பீரோவைத் துழாவியபோது ஒரு பிளாஸ்டிக் அட்டை கையில் கிடைத்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை! முந்தைய வருடம் புகைப்படம் எடுத்து வாங்கியதை, புதுப் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறார் என் மதினி. அந்த அட்டையில் ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சையும் உண்டு. அதை ஏற்றுக்கொண்ட ஆஸ்பத்திரிகள் திருச்சியிலேயே இருந்தன. எங்களிடம் யாரும் கேட்கவில்லை. நாங்களும் யாரிடமும் கேட்கவில்லை. நான் யார்? ஏழு வருடம் மதரஸாவில் ஓதிவிட்டு, ஊர் ஊராக மேடை ஏறி சமுதாய விழிப்புணர்வு பேசுகிறவன்! என் அண்ணன் வீட்டு பீரோவில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

இந்தத் திட்டத்தின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது. ஆட்சி மாறியதும் 2012 ஜனவரியில் பெயரும் அமைப்பும் மாறி வந்தது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆட்சிகள் மாறின, அட்டை செத்துப் போகவில்லை. கட்சிக்காரர்கள் யாருடைய திட்டம் என்று சண்டை போட்டுக் கொள்ளட்டும். நமக்கு வேண்டியது, ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளுக்கு இதில் வழி இருக்கிறது என்பது. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்க வேண்டும். முன்பு 72 ஆயிரமாக இருந்த வரம்பைப் பின்னால் உயர்த்தினார்கள். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கும் வருமானச் சான்று ஆகியவற்றோடு குடும்பமாக கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து கொடுக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற எண்ணில் காசில்லாமல் கேட்கலாம். எந்த ஆஸ்பத்திரி, எந்தச் சிகிச்சைக்குத் திட்டத்தில் இருக்கிறது என்பதைச் சேரும் முன் கேளுங்கள். ஓர் ஆஸ்பத்திரி இதயத்துக்கு இருக்கும், எலும்புக்கு இருக்காது. படுக்கையில் படுத்த பிறகு கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

சரி, பூக்கார அம்மா வீட்டுக்கு வருவோம். நாங்கள் போனபோது அவர் பணம் கட்டித்தான் டயாலிஸிஸ் செய்து கொண்டிருந்தார். "அரசு ஆஸ்பத்திரியில் கூட்டம், பார்க்க மாட்டார்கள்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் அங்கே போய்ப் பார்த்தவர் இல்லை! குடும்ப அட்டை இருந்தது, காப்பீட்டு அட்டை இல்லை. நம் பிள்ளைகள் இருவரும் நான்கு நாள் அலைந்தார்கள். வருமானச் சான்று, இ-சேவை மையம், கலெக்டர் ஆபீஸ் என்று சுற்றி, அட்டை பதிவானது. புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இப்போது டயாலிஸிஸுக்கு அவர் ஒரு பைசா கொடுப்பதில்லை.

உடனே ஒரு தம்பி கேட்டார்: "அப்படியானால் சைக்கிள் பயணத்தை நிறுத்தி விடலாமா ஹஜ்ரத்?"

நல்ல கேள்வி! இங்கேதான் விஷயமே இருக்கிறது. அட்டை ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும். ஆட்டோவுக்குக் கொடுக்குமா? டயாலிஸிஸ் முடிந்து வருகிறவர் தலைசுற்றலோடு வருகிறார். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு வர முடியாது. மாம்பழச் சாலையிலிருந்து புத்தூருக்குப் போகவர ஆட்டோவுக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு முறை என்றால் வருடத்துக்கு 104 நடை. 41,600 ரூபாய்! பூக்கட்டுகிறவர் எங்கே போவார்? கூட வரும் மகன் இரண்டு நாள் வேலைக்குப் போவதில்லை, அந்தக் கூலியும் போகிறது. நான்கு மணி நேரம் ஊசியோடு படுத்துக் கிடந்தவருக்கு நல்ல சாப்பாடு வேண்டும். இப்படித்தான், "சிகிச்சை இலவசம்" என்று சொல்லப்பட்டும் ஏழை பாதியில் நிறுத்துகிறான். டயாலிஸிஸைப் பாதியில் நிறுத்தினால் மவுத்துதான், சகோதரர்களே. மருத்துவம் கிடைத்தும் ஆட்டோ கிடைக்காமல் ஒருவர் சாவதா?

ஆகவே கணக்கைப் பாருங்கள். நாற்பது பிள்ளைகள், ஆளுக்கு ஐம்பது கிலோமீட்டர், மொத்தம் இரண்டாயிரம் கிலோமீட்டர். ஒரு கடைக்காரர் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் தந்தால் அவர் பங்கு 2,000 ரூபாய். முப்பது கடைக்காரர்கள் தந்தால் 60,000. அந்த அம்மாவின் ஒரு வருட ஆட்டோவும் போய், மீதியில் இன்னொரு நோயாளிக்கும் வழி பிறக்கிறது. இதையே ஆஸ்பத்திரி பில்லுக்குக் கொடுத்திருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் கரைந்து போயிருக்கும். அரசாங்கம் கொடுக்கக் கடமைப்பட்டதை அரசாங்கத்திடம் வாங்குங்கள். அது கொடுக்காத ஓட்டையை உங்கள் ஸதகாவால் அடையுங்கள்.

இப்படிக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்கும் முறை புதிதல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-ல் 36 பேர் சைக்கிள் மிதித்துத் தொடங்கிய பயணம், இன்று ஆயிரக்கணக்கானோர் கலந்துகொண்டு பாஸ்டன் நகரின் டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்கு ஆண்டுதோறும் நிதி தருகிற ஏற்பாடாக நிற்கிறது. முதல் வருடம் அவர்கள் ஃபிளெக்ஸ் வைத்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்!

ஃபிளெக்ஸ் என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி விடுகிறேன். அந்த அம்மாவின் படத்தை எதிலும் போடக் கூடாது. வாட்ஸ்அப்பிலும் கூடாது. ஸ்ரீரங்கத்தில் நாளைக்கும் அவர் தலைநிமிர்ந்து பூ விற்க வேண்டும். பனியனுக்கு ஒருவர் பணம் தர முன்வந்தார். "அதையும் ஆட்டோவுக்குத் தாருங்கள்" என்று வாங்கி வைத்துவிட்டோம். அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். பரவாயில்லை. வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்பதை மாதா மாதம் ஜும்ஆவுக்குப் பின் வாசிப்போம். கணக்குச் சொல்லத் தயங்குகிறவன் வசூலுக்கு வரவே கூடாது.

இரண்டாவது கேள்வி, எனக்கு ஏன் இந்த வயதில் சைக்கிள்?

நான்கு வருடத்துக்கு முன் நான் 92 கிலோ. ஒரு இலவச முகாமைத் துவக்கி வைக்கப் போனேன். பேசி முடித்ததும் அங்கிருந்த நர்ஸம்மா, "நீங்களும் ஒரு சொட்டு ரத்தம் கொடுங்க பாய்" என்றார். கொடுத்தேன். சர்க்கரை 280! மற்றவர்களுக்கு முகாம் நடத்த வந்தவன் நோயாளியாகத் திரும்பினேன். அதற்கு முன் எனக்கு ஓர் அறிகுறியும் தெரியவில்லை. இரவில் இரண்டு மூன்று முறை எழுந்ததை வயது என்று நினைத்தேன்.

நமது காவிரிப் பாலத்தைப் பாருங்கள். 1976-ல் கட்டியது. தினமும் பஸ்ஸும் லாரியும் ஓடின, மேலே பார்த்தால் கம்பீரம். 2022-ல் மூடி, அடியில் தேய்ந்தவற்றைச் சரி செய்து, இணைப்புகளை மாற்றி, 2023-ல்தான் திறந்தார்கள். நாற்பத்தாறு வயதில் பாலத்துக்கே மூட்டு வைத்தியம்! முக்கொம்பில் நடந்தது அதை விட மோசம். ஆர்தர் காட்டன் காலத்தில், 1836-38-ல் கட்டிய கொள்ளிடம் மேலணை. 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. முதல் நாள் வரை ஜனங்கள் அதன்மேல் நின்று வெள்ளத்தை வேடிக்கை பார்த்தார்கள். பாலத்தையும் அணையையும் பரிசோதிக்க இன்ஜினியர் வருவார். உங்கள் இரத்த அழுத்தத்தைப் பரிசோதிக்க யார் வருவார்?

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டின் விகிதம் நாட்டின் சராசரியை விட அதிகம். சிறுநீரகம் கெட்டுப் போவதற்கு முக்கியக் காரணங்களே சர்க்கரையும் பிரஷரும்தான். இன்னொரு காரணம் உண்டு. உடம்பு வலி என்று மெடிக்கல் கடையில் தாமாக வாங்கி, வருடக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை. மூட்டை தூக்கும் சகோதரர்களுக்கு இதைத் தயவுசெய்து எடுத்துச் சொல்லுங்கள். இன்று நாம் யாருக்காக சைக்கிள் மிதிக்கிறோமோ, அந்த வரிசையில் நாளை நம் பெயரும் வரும்.

"நாங்கள் ஐந்து வேளை தொழுகிறோமே, அது போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சி என்று சொல்லி அதன் மதிப்பைக் குறைக்காதீர்கள். அதைக் காரணம் காட்டிப் பயிற்சியிலிருந்து தப்பிக்கவும் செய்யாதீர்கள். பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் வணக்கமுமாக இருந்த அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களை அழைத்து, உடலுக்கும் அவர் மீது உரிமை இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்திய செய்தி புகாரியில் இருக்கிறது. வணக்கத்தில் மூழ்கிய ஸஹாபிக்கே அந்த அறிவுரை! இஷா தொழுதுவிட்டு, பரோட்டாக் கடையில் சால்னாவை ஊற்றிக்கொண்டு பன்னிரண்டு மணி வரை அரசியல் பேசும் நமக்கு?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது உடல் சூடேற அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நாளைக்கு அரை மணி, வாரத்துக்கு ஐந்து நாள். அவ்வளவுதான். நான் காஜாமலையிலிருந்து தென்னூருக்கு மோட்டார் சைக்கிளில் போவதை நிறுத்தி சைக்கிளுக்கு மாறினேன். முதல் வாரம் மேம்பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். தெரிந்தவர்கள் எல்லாம் நிறுத்தி, "வண்டி ரிப்பேரா ஹஜ்ரத்?" என்று கேட்டார்கள். இன்று 78 கிலோ. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனையில் ஒன்பதுக்கு மேல் இருந்தது ஏழுக்குக் கீழே வந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். சைக்கிள் மிதித்தால் மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கஷாயம், அரபு நாட்டு எண்ணெய், வாட்ஸ்அப் வைத்தியம் எதையும் நம்பி மாத்திரையை விடாதீர்கள்.

அந்த மாத்திரை எனக்கு என்ன விலை? அரசு மருத்துவமனையில் வாங்குகிறேன், காசில்லை. தமிழ்நாட்டில் 1995-லிருந்து மருத்துவப் பணிகள் கழகம் என்ற அரசு நிறுவனம் மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, பரிசோதித்து, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப் போன ஏற்பாடு இது. "கவர்மென்ட் மாத்திரை வேலை செய்யாது" என்று படித்தவர்களே பேசுகிறார்கள். மெட்ஃபார்மின் என்றால் எங்கே வாங்கினாலும் மெட்ஃபார்மின்தான். வரிசையில் நிற்க நேரமில்லாத வியாபாரிகளுக்கு மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. கம்பெனிப் பெயரைச் சொல்லாமல் மருந்தின் பெயரை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். ஒரு கிலோ வெங்காயத்துக்கு நாலு மண்டி ஏறி விலை கேட்கிற நாம், மருந்துக்கு மட்டும் முதல் கடையில் வாயை மூடிக்கொள்கிறோம். நடக்க முடியாத முதியவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பார்த்து மருந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் தெருவுக்கு வருகிற ஊழியர் யார் என்று பகுதி சுகாதார நிலையத்தில் கேட்டு, அத்தா அம்மாவின் பெயரைப் பதியுங்கள்.

இனி முதலாளிமார்களே, கோபப்படாமல் கேளுங்கள்.

நம் கடைகளில் வேலை செய்யும் பையன்களுக்கு நோய் வந்தால் என்ன செய்கிறோம்? ஐந்நூறோ ஆயிரமோ கையில் கொடுத்து, "போய்ப் பார்த்துட்டு வா" என்கிறோம். அது தர்மம் என்று நினைக்கிறோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை இ.எஸ்.ஐ. சட்டத்துக்குள் வருகிறது. மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவருக்கு அது உரிமை. பதினைந்தாயிரம் வாங்குபவருக்கு முதலாளி கட்ட வேண்டியது 487 ரூபாய் 50 காசு. அவர் சம்பளத்தில் பிடிப்பது 112 ரூபாய் 50 காசு. இந்த அறுநூறு ரூபாயில் அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் கிடைக்கிறது. தகுதி இருந்தால், நோயில் படுத்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். இதைக் கட்டாமல் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் கடைக்கு ஒன்பது பேர் என்று எழுதி வைத்துவிட்டு, ரமலானில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்து என்ன பயன்? தொழிலாளியின் ஹக்கைப் பிடித்துக்கொண்டு அவனுக்கே ஸதகா கொடுப்பது என்ன நியாயம்?

நடுவில் ஒரு கூட்டம் மாட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருப்பவர். வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டும், அதனால் காப்பீட்டு அட்டை இல்லை. தொழிலாளி இல்லை, அதனால் இ.எஸ்.ஐ. இல்லை. பொய் வருமானச் சான்று வாங்கிக் கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார்கள். கூடாது! அது பொய், அந்தப் பொய்யில் வருவது இன்னொரு ஏழையின் பங்கு. தனியார் இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா என்றால், வட்டியும் நிச்சயமின்மையும் கலந்திருப்பதால் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. இதற்கு மாற்றாகத்தான் சூடானில் 1979-லும் மலேசியாவில் 1984 சட்டத்தின் மூலமும் தகாஃபுல் என்ற கூட்டு உதவி முறை வந்தது. நம்மால் கம்பெனி தொடங்க முடியாது. பைத்துல் மாலில் மருத்துவத்துக்கென்று தனி உண்டியல் வைக்க முடியாதா?

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் போன்றோர் வலி தணிப்பு சிகிச்சைக்கு ஒரு சங்கம் தொடங்கினார்கள். அது பிற்பாடு மலப்புரத்தில் அக்கம்பக்கத்தாரின் இயக்கமாக மாறியது. தெருவிலுள்ள சாதாரண ஆட்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். கடைக்காரர்களும் மாணவர்களும் சில்லறை சில்லறையாகக் கொடுத்தார்கள். பெரிய பணக்காரர் ஒருவரின் காசோலைக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. 2008-ல் கேரள அரசே அதை ஏற்றுக் கொள்கை வகுத்தது. மலப்புரத்து முஸ்லிம் வியாபாரியால் முடிந்தது, பெரியகடை வீதி வியாபாரியால் முடியாதா?

திரைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சைக்கிள் ஆண்களுக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல. நமக்குப் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில், 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக் கொடுத்தது. ஒரு லட்சம் கிராமப் பெண்கள் அதில் சேர்ந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி உலகத்துக்குச் சொன்னார். அவர்களில் முஸ்லிம் பெண்களும் உண்டு. தண்ணீருக்கும், வேலைக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கும் யார் வருவார் என்று காத்திராமல் போனார்கள். முறையாக உடுத்திக்கொண்டு போக நம் வீட்டுப் பெண்களுக்கு என்ன தடை? இரும்புப் பூட்டு போட்டு வாசலில் துருப்பிடித்துக் கிடக்கிறதே, பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள், அதை எண்ணெய் போட்டு எடுங்கள். முப்பதாயிரம் ரூபாய்க்கு கியர் சைக்கிள் வாங்கினால்தான் பயிற்சி என்று என் மகனும் சொன்னான். பழையதைத் துடைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தான்.

ஞாயிறு ஏற்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். ஃபஜ்ர் தொழுததும் பள்ளிவாசல் முன்பு கூடுகிறோம். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் சனிக்கிழமைக்குள் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, சீட்டைக் கொண்டு வர வேண்டும். சீட்டு இல்லாதவர் ஸ்ரீரங்கம் வரை மட்டும் வரலாம், முக்கொம்புக்கு அனுமதி இல்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வராதீர்கள். பையில் நாலு பேரீச்சம்பழம் இருக்கட்டும். தலைசுற்றி வியர்த்தால் உடனே சாப்பிட்டு உட்காருங்கள். நெஞ்சு அடைத்தால் வெட்கப்படாமல் நிறுத்துங்கள், 108-ஐ கூப்பிடுவோம். கரூர் சாலையில் பஸ் வேகமாக வரும். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போகக் கூடாது. ஹெல்மெட் இல்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்பி விடுவேன், யார் மகனாக இருந்தாலும். அப்படியும் விபத்து என்று வந்தால், 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் இலவசம். திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரிகளின் பட்டியல் பொறுப்பாளர்கள் இருவரின் சட்டைப் பையிலும் இருக்கும்.

மாம்பழச் சாலையில் அந்த அம்மா வீட்டு முன் நிற்க மாட்டோம், மணியடிக்க மாட்டோம், கோஷமும் போட மாட்டோம். நேராகப் போய் ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில் டீ குடித்துவிட்டுத் திரும்புகிறோம்.

இன்னொன்று. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் இன்று இரவு வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். காப்பீட்டு அட்டை இருந்தால் அதன் எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் குடும்ப அட்டை நகலையும் ஆதார் நகலையும் கொண்டு வாருங்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு பிள்ளைகள் கலெக்டர் ஆபீஸில் நிற்பார்கள். பஞ்சர் ஒட்ட நம் பாலக்கரை சைக்கிள் கடை பாய் கூடவே வருகிறார். அவருக்குக் கூலி வேண்டாமாம், டீ மட்டும் போதுமாம். வஸ்ஸலாம்.